கிராமத்துல பாரம்பரிய சுற்றுலா தொடங்கப் போறீங்களா? ஆளக் கூப்பிடுறதுக்கு முன்னாடி காசு எங்க போகும்னு பேசி முடிங்க

பழைய வீடுங்க வரிசையா நிக்குற தெரு, அந்த ஊருக்குன்னே இருக்குற ஒரு கைத்தொழில், பெருசுங்களுக்கு மட்டுமே முழுசா தெரிஞ்ச பாட்டு, இப்படி எதையாவது வச்சிருக்குற கிராமம் உலகம் பூரா எக்கச்சக்கமா இருக்கு, ஆனா அதே ஊர்ல நெறைய வீடு பூட்டிக் கெடக்கும், வேலை தேடிப் போன பசங்க திரும்பி வந்திருக்க மாட்டாங்க, ஸ்கூல்ல புள்ளைங்க கொறஞ்சு எப்ப மூடுவாங்களோன்னு இருக்கும், பஸ் ட்ரிப்பையும் கொறச்சிருப்பாங்க. அந்த நேரத்துல தான் யாராவது ஒருத்தர் டூரிசம் கொண்டாந்தா ஊர் பொழைச்சுக்கும்னு ஆரம்பிப்பாங்க. அப்படிப் பொழைச்ச ஊருங்க நெசமாவே இருக்கு. டூரிசம் வந்ததாலயே ஊர்க்காரங்க வீட்ட விட்டுட்டு வெளிய போன எடமும் இருக்கு.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா என் பதில் ஒண்ணு தான். காலைல வந்தவர் சாயங்காலம் கெளம்புனதுக்கு அப்புறம் அவர் செலவு பண்ண காசு யார் கைல நிக்குது, இதுக்கு ஊர் முன்கூட்டியே பதில் வச்சிருக்கணும். ஆர்ச் கட்டுறது, போர்டு வைக்கிறது, ட்ரோன் வீடியோ எடுக்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம். இந்த கைடு ஊர்ல இருந்துகிட்டே ஏதாவது செய்யணும்னு நெனைக்கிறவங்களுக்கு, உள்ளாட்சி உறுப்பினரோ மகளிர் குழுவோ, வெளியூர்ல இருந்து திரும்பி வந்த இளவட்டமோ, யாரா இருந்தாலும் சரி.

முதல்ல கூட்டம் போடுங்க, அதுல ரூல்ஸ் எழுதுங்க

சீனாவுல லிஜியாங்னு ஒரு பழைய நகரம், 1997ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேர்ந்துச்சு. பேர் கெடச்சதும் கூட்டம் குமிஞ்சது, அங்க காலங்காலமா இருந்த நாஷி மக்கள்ல நெறைய பேர் வெளியூர் வியாபாரிங்களுக்கு வீட்ட வாடகைக்கு விட்டுட்டு புது டவுனுக்கு குடி போயிட்டாங்க, ஏன்னா அங்க இருந்து குடும்பம் நடத்துறத விட வாடகைல வர்ற காசு அதிகம். கட்டடம் எல்லாம் அப்படியே அழகா இருக்கு, ஆனா உள்ள இருக்குற கடைக்காரர் வேற ஊர்க்காரர், விக்கிற பொருளும் வேற எங்கயோ செஞ்சது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியா பாத்தா சரியான முடிவு தான் எடுத்திருக்கு, ஆனா எல்லாரும் தனித்தனியா முடிவெடுத்ததால ஊர் கைய விட்டுப் போச்சு.

ஜப்பான்ல ஷிராகாவா-கோ பகுதில இருக்குற ஓகிமாச்சி கிராமம் இதுக்கு நேர் எதிர். ரெண்டு கை கூப்பின மாதிரி செங்குத்தா நிக்குற புல்லுக் கூரை வீடுங்க, உள்ள பரண்ல பட்டுப்புழு வளத்தாங்க. அந்தப் பள்ளத்தாக்குல 1961ல மிபோரோ அணை கட்டினப்ப சில குடியிருப்புங்க தண்ணில மூழ்கிப் போச்சு, பழைய வீடுங்கள வித்துட்டு, பிரிச்சு எடுத்துட்டுப் போறதும் நடந்துச்சு. அதப் பாத்த ஓகிமாச்சி ஆளுங்க 1971ல ஒண்ணா உக்காந்து மூணு விதி போட்டாங்க: விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது 1995ல. கணக்கு பாருங்க, ஊர் ரூல்ஸ் போட்டு 24 வருஷம் கழிச்சு தான் உலகம் அந்த ஊர கவனிச்சுது. வரிசை இதுவா தான் இருக்கணும்.

அதனால உங்க முதல் வேலை ஒரு கூட்டம், சும்மா அறிவிச்சுட்டு வந்தவங்கள வச்சு முடிக்கிற கூட்டம் இல்ல. தெருவுக்கு ஒரு ஆள், தொழிலுக்கு ஒரு ஆள், பொம்பளைங்க தனியா ஒரு தடவ உக்காந்து பேசுறதுக்கு நேரம், நெலம் இல்லாதவங்க, ஊர் ஓரத்துல இருக்குறவங்க, வெளியூர்ல இருந்தாலும் இங்க வீடு வச்சிருக்குறவங்க, எல்லார்கிட்டயும் கேக்கணும். பொதுவா மெயின் தெருல வீடு இருக்குறவங்க சத்தமா ஆதரிப்பாங்க, ஏன்னா ஆள் வந்தா முதல்ல அவங்க வாசல்ல தான் நிப்பாங்க. தண்ணி எடுக்குறவங்க, மாடு ஓட்டிட்டுப் போறவங்க, கைக்குழந்தை வச்சிருக்குறவங்க எல்லாம் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, பிரச்சனை அங்க இருந்து தான் கெளம்பும்.

அந்தக் கூட்டத்துல முடிவு பண்ண வேண்டியது: வெளி ஆளுக்கு வீடு விக்கலாமா, வாடகைக்கு விடலாமா, விட்டா எத்தன வருஷத்துக்கு, வர்ற காசுல ஊர் பொது நிதிக்கு எவ்வளவு, எந்த எடத்துக்குள்ள வெளியாளுங்க போகக் கூடாது, எந்த நேரத்துல போகக் கூடாது, எந்த நாள்ல ஊர் மொத்தமா மூடி இருக்கும். எழுதி கையெழுத்து வாங்குங்க. உங்க ஊர் சட்டப்படி அந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு ஒரு வக்கீல்கிட்டயும் காட்டிடுங்க, வெறும் வாய்ப்பேச்சா இருந்தா முதல் பெரிய பணக்காரர் வந்து நிக்குற அன்னிக்கே காத்துல பறந்துடும்.

என்னென்ன இருக்குன்னு எடுக்கிற கணக்கு

பாரம்பரியம்னு சொன்ன உடனே எல்லாருக்கும் கட்டடம் தான் கண்ணுக்கு முன்னாடி வருது. யுனெஸ்கோ 2003ல கொண்டு வந்த ஒப்பந்தம் கைல தொட முடியாத பாரம்பரியத்த தனியா பேசுது: வாய்வழிக் கதை, நிகழ்கலை, சடங்கும் திருவிழாவும், இயற்கைய பத்தின அறிவு, கைவினைத் திறமை. இந்த அஞ்சையும் ஒரு நோட்டுல அஞ்சு பக்கமா பிரிச்சு வச்சுக்கங்க, ஆறாவது பக்கம் கட்டடம், ஏழாவது பக்கம் நெலமும் தண்ணியும், அதாவது வாய்க்கா, வரப்பு, பழைய பாதை, மரம் இந்த மாதிரி.

அப்புறம் ஒரு பெரியவர், ஒரு ஸ்கூல் புள்ளை, இப்படி ஜோடி ஜோடியா ஊரச் சுத்த விடுங்க. பெரியவர் சொல்லுவார், புள்ளை போன்ல ரெக்கார்ட் பண்ணும், எடத்த மேப்ல குறிக்கும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா டூரிசமே வராம போனாலும் இந்த வேலை வீணாப் போகாது, அந்த ரெக்கார்டிங் ஊர்க்கிட்ட இருக்கும். கேக்குற கேள்வி முக்கியம். "இந்த வீடு எத்தன வருஷம் பழசு"ன்னு கேட்டா ஒரு நம்பர் வரும், அதோட முடிஞ்சுது. "இந்த வீட்டுல மழை பெஞ்சா தண்ணி எங்க போகும், தானியம் எங்க வைப்பீங்க, கல்யாணத்தப்ப எத்தன பேர் எங்க படுத்தாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. பின்னாடி நடத்தப் போற டூர்ல சொல்றதுக்கு விஷயம் அங்க தான் இருக்கு.

காட்டக் கூடாதது பட்டியலும் போடுங்க. சில சடங்கு ஊருக்குள்ள மட்டும் தான்னா அது ஊருக்குள்ள மட்டும் தான், அதுல பேரம் வேண்டாம். போட்டோ எடுக்கலாம், ஆனா சாமியாடுறப்ப கூடாது, சாவு வீட்டுப் பக்கம் கூடாது, குழந்தைங்கள பெத்தவங்க கிட்ட கேக்காம கூடாது. இத எல்லாம் முதல் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டா யாரும் யார்கிட்டயும் மூஞ்சியக் காட்ட வேண்டியதில்ல.

பாக்குறதுக்கு இல்ல, செய்றதுக்கு ஒண்ணு குடுங்க

சும்மா நடந்து பாத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போறவர் ஊர்ல அரை மணி நேரம் இருப்பார், ஒரு பாட்டில் தண்ணி வாங்குவார், அவ்வளவு தான். உக்காந்து ஒரு வேலையச் செஞ்சு பாத்தவர் அரை நாள் இருப்பார், சாப்பிடுவார், அந்தப் பொருளோட அருமை தெரிஞ்சு காசு குடுத்து வாங்குவார்.

ஒடிசால பூரி மாவட்டத்துல ரகுராஜ்பூர்னு ஒரு சின்ன கிராமம், கிட்டத்தட்ட வீட்டுக்கு வீடு துணில பட்டசித்ரா ஓவியம் வரையுறவங்க. ஒடிசி நடன குரு கேலுசரண் மஹாபத்ரா பொறந்த ஊரும் அதே தான். 2000 வாக்குல, பாரம்பரியத்த காக்குற இன்டாக் அமைப்போட முயற்சில அது பாரம்பரிய கிராமமா உருவாச்சு. அங்க நீங்க ஓவியத்த மட்டும் பாத்தா அழகா இருக்குன்னு சொல்லிட்டு வெலையக் கேட்டு யோசிப்பீங்க. ஆனா அந்தத் துணி எப்படி உருவாகுதுன்னு பாத்தீங்கன்னா வேற மாதிரி. பருத்தித் துணி ரெண்டு அடுக்க புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுவாங்க, அது மேல சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி காய வைப்பாங்க, காஞ்சதும் முதல்ல சொரசொரப்பான கல்லு வச்சு தேய்ப்பாங்க, அப்புறம் வழவழப்பான கல்லு வச்சு தேய்ச்சுகிட்டே இருப்பாங்க, துணி தோல் மாதிரி ஆகுற வரைக்கும். வெள்ள நெறம் சங்குப் பொடில இருந்து, கருப்பு வெளக்குக் கரில இருந்து. இன்னும் ஒரு கோடு கூட போடல, அதுக்குள்ளயே இவ்வளவு வேலை. அந்த வழவழப்பான கல்ல விருந்தாளி கைல குடுத்து பத்து நிமிஷம் தேய்க்கச் சொல்லுங்க, தோள் வலிக்கும், அதுக்கு அப்புறம் அவர் வெலைய கொறச்சுக் கேக்க கூச்சப்படுவார்.

உங்க ஊர் தொழில் எதுவா இருந்தாலும் இதே மாதிரி படி படியா பிரிச்சுப் பாருங்க, எந்தப் படில புது ஆள் கை வச்சா பொருள் கெடாது, ஆபத்து இல்ல, ஆனா வேலையோட கஷ்டமும் ருசியும் புரியும்னு. அந்த ஒரு படி தான் நீங்க விக்கப் போற அனுபவம்.

கட்டணம் வைக்கிறப்ப நெறைய பேர் கைவினைஞரோட நேரத்த கணக்குலயே சேக்க மாட்டாங்க. ஒரு பட்டறைல ஒரே நேரத்துல எட்டு பேர் உக்காரலாம், அரை நாள் போகும்னு வைங்க, அந்த அரை நாள்ல அவர் தன் வேலையச் செஞ்சிருந்தா எவ்வளவு சம்பாதிச்சிருப்பார், அது அடிப்படை. அது மேல மூலப்பொருள், கெட்டுப் போற பொருள், முன்னாடி தயார் பண்ற நேரம், பின்னாடி சுத்தம் பண்ற நேரம், கூட ஒத்தாசைக்கு இருக்குற ஆளோட கூலி. அப்புறம் ஊர் நிதிப் பங்கு. இத்தனையும் கூட்டி எட்டால வகுத்தா அதிகமா தெரியுதா, அப்ப ஆள் எண்ணிக்கைய ஏத்தாம நேரத்த கொறைங்க. முப்பது பேர ஒரே அறைல அடைச்சா யாருக்கும் கல்லு கைக்கு வராது.

தங்குற எடம்

பகல்ல வந்து போறவர விட ராத்திரி தங்குறவர் தான் ஊருக்கு லாபம், ரெண்டு வேளை சாப்பாடு, காலைல ஒரு நடை, ஒரு வண்டி வாடகைன்னு பல வீட்டுக்கு காசு பிரியும். அதுக்காக புதுசா லாட்ஜ் கட்டக் கெளம்பாதீங்க, பூட்டிக் கெடக்குற வீடுங்கள பாருங்க.

இத்தாலில ஃப்ரியூலி பகுதில 1976ல பெரிய நெலநடுக்கம் வந்து கிராமங்க சேதமாச்சு. திருப்பிக் கட்டுன வீடுங்கள என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப தான் சிதறின ஹோட்டல்ங்கிற யோசனை வளந்துச்சு, சுற்றுலா நிபுணர் ஜான்கார்லோ தல்லாரா அத ஒரு முறையா வடிவமைச்சார். ஹோட்டல்னா ஒரே கட்டடம் இல்ல, வரவேற்பு ஒரு வீட்டுல, சாப்பாடு இன்னொரு எடத்துல, ரூம் எல்லாம் ஊருக்குள்ள அங்கங்க இருக்குற பழைய வீட்டுல, எல்லாம் நடந்து போற தூரத்துல. வந்தவர் சாவிய வாங்கிட்டு தெருவுல நடந்து தான் ரூமுக்குப் போகணும், அதனால ஊர்க்காரங்களோட வணக்கம் சொல்லாம தப்பிக்க முடியாது. அப்ரூசோ மலைல சான்டோ ஸ்டெஃபனோ டி செசானியோங்கிற, ஆள் ரொம்ப கொறைஞ்சு போன கிராமத்துல டேனியல் கில்க்ரென் இப்படி வீடுங்கள வாங்கி சரி பண்ணப்ப, அடுப்புப் புகை படிஞ்ச கருப்புச் செவுத்தக் கூட வெள்ளையடிக்காம விட்டார். வேலை ரொம்ப அழகு. ஆனா ஒண்ணு கவனிங்க, அங்க முதலீடு வெளிய இருந்து வந்த ஒரு ஆளோடது, உங்க ஊர்ல முடிஞ்சா வீட்டுக்காரங்களே ஒரு கூட்டுறவா சேந்து வீட்ட கையில வச்சுகிட்டே நடத்துற வழிய முதல்ல பாருங்க, வெளி முதலீடு தேவைன்னா குத்தகை காலத்தையும் லாபப் பங்கையும் எழுதி வாங்கிட்டு உள்ள விடுங்க.

ஹோம்ஸ்டே பண்றதா இருந்தா நேபாளத்துல சியாங்ஜா மாவட்டத்து சிருபாரிய பாருங்க. குருங் மக்களோட கிராமம், 1997லயே ஆரம்பிச்சாங்க. விருந்தாளி தானா வீட்டத் தேடி அலைய மாட்டார், ஊர்க் கமிட்டி தான் வரிசைப்படி வீடு ஒதுக்கும், அதனால இந்த வீட்டுல தொடர்ந்து கூட்டம் அந்த வீட்டுல ஆளே இல்லங்கிற பேச்சே கெடையாது. லடாக்ல பனிச்சிறுத்தை பாதுகாப்புக்காக ஆரம்பிச்ச இமாலய ஹோம்ஸ்டேங்களும் இதே முறை தான், வீட்டுப் பொம்பளைங்க கையில நிர்வாகம், முறை வச்சு விருந்தாளி. பனிச்சிறுத்தை ஆட்ட அடிச்சிட்டுப் போனா கோவத்துல அதக் கொல்ற எடத்துல, அதே மிருகத்தப் பாக்க வர்ற ஆளால வீட்டுக்கு வருமானம் வந்துச்சு, அதனால அத விட்டு வைக்க ஒரு காரணம் கெடச்சுது.

நீங்க ஆரம்பிக்கிறப்ப ரெண்டு மூணு வீடு போதும். வீடு ஆடம்பரமா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கல. சுத்தமான விரிப்பு, உள்பக்கம் தாழ்ப்பா போடுற கதவு, குடிக்கிறதுக்கு நம்பிக்கையான தண்ணி, ராத்திரி எழுந்தா தடுக்கி விழாம இருக்க வெளிச்சம், நாத்தம் இல்லாத டாய்லெட். இதுல கடைசி விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் ஓட்டுவாங்கன்னு செவுத்துல ஒட்டி வைங்க, வந்தவங்க பேர எழுதுற ரிஜிஸ்டர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் உங்க நாட்டு விதிப்படி முதல் நாளே சரியா இருக்கட்டும்.

பழைய வீட்ட சரி பண்றப்ப

இது எனக்கு மனசு பதறுற எடம், ஏன்னா நல்ல எண்ணத்தோட செய்ற ரிப்பேர்ல தான் நெறைய பழைய வீடு சாகுது. சுண்ணாம்புக் காரைல கட்டின பழைய செவுரு ஈரத்த உள்ள வாங்கும், மேல்பரப்பு வழியா வெளிய விடும், அது அப்படித்தான் பல தலைமுறையா நிக்குது. நாம அது மேல சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சதும் அந்த ஈரம் வெளிய வர வழி இல்லாம உள்ளயே தேங்குது, உப்பு பூக்குது, மிருதுவான செங்கல்லோ கல்லோ பொடிப் பொடியா உதிருது, ரெண்டு மூணு மழைக்காலத்துல பூச்சு பலகை பலகையா பேந்து விழும். அப்ப இஞ்சினியர் வந்து செவுரு பலவீனம், இடிச்சிடலாம்னு சொல்லுவார். செவுரு பலவீனம் இல்லங்க, மூச்சு விட வழி இல்ல.

ஆகவே வரிசை இது: முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிங்க, கூரை ஒழுகுதா, மழைத்தண்ணி செவுத்து அடில தேங்குதா, வாசல் மட்டம் ஒசந்து போச்சா. அத சரி பண்ணி செவுத்த காய விடுங்க, அவசரப்படாதீங்க. அப்புறம் எந்தப் பொருள்ல கட்டினாங்களோ அதே பொருள்ல ரிப்பேர். ஆஸ்திரேலியால புர்ரான்னு ஒரு பழைய சுரங்க ஊர், அங்க 1979ல போட்ட புர்ரா சாசனம் சொல்றது இன்னிக்கும் உலகம் பூரா பாதுகாப்பு வேலை பாக்குறவங்க பின்பத்துற விஷயம்: தேவையான அளவு செய், ஆனா முடிஞ்ச வரைக்கும் கொறைவா மாத்து. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இன்னும் உயிரோட இருந்தா அவர் கூட ரெண்டு பசங்கள கூலி குடுத்து சேத்து விடுங்க, டூரிசத்தால ஊருக்கு வர்ற வேலைல இதுவும் ஒண்ணு, அதுவும் நெரந்தர வேலை. ஷிராகாவா-கோல கூரை மாத்துறப்ப ஊரே சேந்து ஏறும், நூறு இருநூறு பேர் ஒண்ணா வேலை செஞ்சு கூரைய வேய்ஞ்சுடுவாங்க, அந்தப் புல்லுக் கூரை இன்னும் நிக்குறதுக்கு அந்தப் பழக்கம் ஒரு முக்கிய காரணம்.

காசுக் கணக்கு

கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஃபோகோ தீவு. காட் மீன நம்பி வாழ்ந்த எடம், 1992ல அந்த மீன் பிடிக்க அரசு தடை போட்டதும் தலைல இடி. அங்க பொறந்து வெளிய போய் நல்லா சம்பாதிச்ச ஜீட்டா காப் திரும்பி வந்து ஷோர்ஃபாஸ்ட்ங்கிற அறக்கட்டளைய கூடப் பொறந்தவங்களோட சேந்து ஆரம்பிச்சாங்க, 2013ல 29 ரூமோட ஃபோகோ ஐலண்ட் இன் தொறந்துச்சு. கட்டில், நாற்காலி, கையால தைச்ச மெத்தைப் போர்வை எல்லாம் தீவு ஆளுங்க வேலை. செலவு போக மிச்சமாகுறது மறுபடி ஊருக்கே. நான் இதுல எடுத்துக்கச் சொல்றது அந்த ஹோட்டல இல்ல, அவங்க ஒட்டுற லேபிள. பிஸ்கட் பாக்கெட்ல சத்து விவரம் போடுற மாதிரி, நீங்க குடுத்த காசுல எவ்வளவு கூலிக்குப் போகுது, எவ்வளவு பொருளுக்கு, அதுல எவ்வளவு தீவுக்குள்ளயே தங்குது, எவ்வளவு வெளிய போகுதுன்னு அச்சடிச்சு காட்டுறாங்க.

இத எந்த ஊரும் ஒரு கரும்பலகைல செய்யலாம். விருந்தாளி குடுக்குற காச நூறு பங்கா வைங்க. புக்கிங் ஆப் எத்தன பங்கு எடுக்குது, வெளியூர் டிரைவருக்கு எத்தன, மளிகை எங்க வாங்குறீங்க, சோப்பு பெட்ஷீட் எங்க இருந்து, வீட்டுக்காரருக்கு எத்தன, கைடுக்கு எத்தன, ஊர் நிதிக்கு எத்தன. முதல் தடவ எழுதிப் பாக்குறப்ப நெறைய ஊர் ஆடிப் போயிடும், அவ்வளவு காசு ஊர் எல்லைய தாண்டி ஓடிட்டு இருக்கும். ஓட்டைய ஒவ்வொண்ணா அடைங்க: காய்கறியும் பாலும் ஊர்லயே வாங்குங்க, டிரைவர் வேலைக்கு ஊர் பசங்கள பழக்குங்க, ஒரு தடவ வந்தவர் அடுத்த தடவ நேரா போன் பண்ணி புக் பண்ற மாதிரி நம்பர் குடுங்க, நினைவுப் பொருள் வெளிய இருந்து வாங்கி விக்கிறத தடை பண்ணுங்க. ஊர் நிதிக் கணக்க மாசா மாசம் எல்லாரும் கடந்து போற எடத்துல ஒட்டுங்க, வரவு செலவு ரெண்டும், செக்ல ரெண்டு பேர் கையெழுத்து, அதுல ஒருத்தர் கண்டிப்பா ஹோம்ஸ்டே நடத்தாத வீட்டுல இருந்து. சந்தேகம் மொளைச்சா அத புடுங்குறது ரொம்ப கஷ்டம்.

கதை சொல்றவங்க

கைடா ஊர் ஆள தான் போடணும், அதுல பேச்சே இல்ல. பொய்ய மட்டும் சொல்லக் கூடாது. ராஜா இங்க தங்கினார், சுரங்கப்பாதை அங்க வரைக்கும் போகுதுன்னு ஆதாரம் இல்லாம அடிச்சு விட்டா அன்னிக்கு கைதட்டு கெடைக்கும், நாலு வருஷத்துல ஊரோட நெச வரலாறே யாருக்கும் தெரியாம போயிடும். ஊர்ல இப்படி ஒரு கதை சொல்லுவாங்க, கல்வெட்டுல இருக்குறது இதுன்னு பிரிச்சு சொல்லப் பழக்குங்க, கேக்குறவங்களுக்கு அது இன்னும் சுவாரசியம் தான். வலிக்கிற வரலாறும் இருக்கும், யார் எந்தக் கெணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, இந்தப் பெரிய வீட்டக் கட்டின கூலிக்காரங்க எங்க படுத்தாங்கன்னு. அந்தக் குடும்பங்க சம்மதிச்சா அவங்க வாயாலயே சொல்ல விடுங்க, அவங்க பேர்ல இன்னொருத்தர் சொல்ல வேண்டாம்.

விளம்பரத்துக்கு பெரிய செலவு வேண்டாம். நல்ல வெளிச்சத்துல எடுத்த பத்து போட்டோ, எப்படி வர்றதுன்னு தெளிவா வழி, என்ன கட்டணம், எத்தன பேர், எந்த மாசம் மூடல், இது தெரிஞ்சா போதும். முதல்ல காலேஜ் குழு, கட்டடக்கலை படிக்கிறவங்க, கைவினை ஆர்வலர் இந்த மாதிரி கவனமா பாக்குறவங்கள கூப்பிடுங்க. ஐநா சுற்றுலா அமைப்பு 2021ல இருந்து சிறந்த சுற்றுலா கிராமம்னு தேர்வு பண்றாங்க, 15,000 பேருக்கு மேல இல்லாத ஊருங்க விண்ணப்பிக்கலாம், முதல் வருஷமே தெலங்கானாவோட நெசவு ஊர் போச்சம்பள்ளி அதுல வந்துச்சு. விருது வாங்குறத விட அந்த விண்ணப்பத்துல கேக்குற கேள்விக்கு பதில் எழுதிப் பாக்குறது நல்ல பயிற்சி.

எத்தன பேர் வரைக்கும்?

ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட், ஏரிக்கரைல இருக்குற பழைய உப்புச் சுரங்க ஊர், 1997ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த பகுதி. குடியிருக்குறது 800 பேருக்கும் கொறைவு. கூட்டமான நாள்ல 10,000 பேர் வரைக்கும் வந்து நிக்குறாங்க. 2023ல எல்லாரும் செல்ஃபி எடுக்குற எடத்துல மறைக்கிறதுக்கு மரத்தடுப்பு வச்சாங்க, அப்புறம் எதிர்ப்பு வந்து எடுத்தாங்க, அதே வருஷம் ஊர்க்காரங்க தெருவுல எறங்கி போராட்டமும் பண்ணாங்க. வாசலத் தொறந்தா எப்பவும் முன்னப்பின்ன தெரியாத ஆள் நின்னா யாருக்கும் தாங்காது.

வரம்ப ஆள் வர்றதுக்கு முன்னாடி போட்டுட்டா அது விதி, வந்ததுக்கு அப்புறம் போட்டா அது சண்டை. எப்படி கணக்கு போடுறது? ஊர்ல எது முதல்ல தீந்து போகும்னு பாருங்க. கோடை காலத்துல ஊர்த் தேவை போக மிச்சம் தண்ணி எவ்வளவு, எத்தன டாய்லெட், எத்தன வண்டி நிறுத்த முடியும், பட்டறைல எத்தன பேர். இதுல எது ரொம்ப சின்ன நம்பரோ அது தான் உங்க ஒரு நாள் வரம்பு. பட்டறைல எட்டு பேர், நாளுக்கு ரெண்டு செஷன்னா 16, டாய்லெட் நாப்பது பேருக்கு தாங்கும்னா கூட 16 தான், கூட்டணும்னா இன்னொரு பட்டறை தயாராகணும். வண்டிங்கள ஊருக்கு வெளியவே நிறுத்துங்க, உள்ள நடை தான், நடக்க முடியாதவங்களுக்கு மட்டும் ஒரு வண்டி. ஷிராகாவா-கோ கூட பனிக்காலத்து வெளக்கு விழாவுக்கு 2019ல இருந்து முன்பதிவு இல்லாம விடுறதில்ல.

கட்டணமும் ஒரு கருவி. இத்தாலில சிவிட்டா டி பான்யோரெஜ்ஜோங்கிற ஊர் மண் அரிச்சு அரிச்சு கரைஞ்சுகிட்டு இருக்குற குன்று மேல இருக்கு, நடைபாலம் ஒண்ணு தான் வழி, நெரந்தரமா இருக்குறவங்கள விரல் விட்டு எண்ணலாம். 2013ல நுழையுறதுக்கு கட்டணம் போட்டாங்க, முதல்ல ஒன்றரை யூரோ, அப்புறம் அஞ்சு. அந்தக் காசால உள்ளூர் மக்களோட நகராட்சி வரியவே எடுத்துட முடிஞ்சுது. கட்டணம் போட்டதால ஆள் வரத்து நின்னு போகல.

இன்னொண்ணு, யாரும் வெவசாயத்தையோ தறியையோ விட்டுட்டு முழுசா இதுல எறங்க வேண்டாம்னு நான் கெஞ்சிக் கேக்குறேன். 2020ல உலகம் பூரா பயணம் நின்னப்ப டூரிசத்த மட்டுமே நம்பின ஊருங்க என்ன பாடு பட்டுச்சுன்னு பாத்தோம். அது ரெண்டாவது வருமானமா இருக்கட்டும். தறி நின்னு போச்சுன்னா காட்டுறதுக்கும் ஒண்ணும் இருக்காது.

ஒரு வருஷம் ஓடினதும் மறுபடி அதே மாதிரி கூட்டம் போடுங்க. எத்தன பேர் வந்தாங்கங்கிறத கடைசில பேசிக்கலாம். எத்தன வீட்டுக்கு காசு போய் சேந்துச்சு, அதுல எத்தன பொம்பளைங்க பேர்ல இருக்குற கணக்குக்குப் போச்சு, யாராவது வெளியூர்ல இருந்து திரும்பி வந்தாங்களா, புதுசா எத்தன பசங்க தொழில் கத்துக்கிறாங்க, வீட்டு வெலையும் வாடகையும் ஏறி யாராவது கஷ்டப்படுறாங்களா. காசு வந்து சேராத வீட்டுக்காரங்கள முதல்ல பேச விடுங்க, மத்தவங்க குறுக்க பேசாம கேக்கட்டும், அவங்க சொன்னத வச்சு ரூல்ஸ திருத்தி, தேதி போட்டு, கணக்கு ஒட்டுற எடத்துக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டு அடுத்த சீசனுக்கு புக்கிங்கத் தொறங்க.